மலையேறும் பாஸ்: எங்களுக்குப் பொருத்தமானது எது?



சுவிஸில் இருக்கும் உறவினர் அனுப்பும் படங்களில், பிள்ளைகள் கால்களில் நீண்ட பலகைகளைப் பூட்டிக்கொண்டு வெண்பனியில் நிற்பதை உங்களிற் பலர் பார்த்திருப்பீர்கள். 1983க்குப் பின்னர் இந்நாட்டுக்கு வந்த எம்மவர்கள், இங்கே பிறந்த பிள்ளைகளையும் சேர்த்து, ஏறத்தாழ 50,000 பேர். பாடசாலைத் தோழர்கள் எல்லோரும் பனிச்சறுக்குக்குப் போகும்போது எங்கள் பிள்ளைகளும் கேட்கத்தான் செய்வார்கள். பெப்ரவரியை ஒட்டி வரும் விளையாட்டு விடுமுறையில் எத்தனையோ தாய்மார் இந்தச் செலவை எண்ணிப் பெருமூச்சு விடுகிறார்கள்.

நான் மலைப்பகுதி விடுதியொன்றில் பல வருடங்கள் அறைகளைச் சுத்தம் செய்தேன். இப்போது அங்கேயே வரவேற்பு மேசையில் இருக்கிறேன். விருந்தினர்கள், அதிலும் எங்கள் ஆட்கள், என்னிடம் அதிகம் கேட்கும் கேள்வி இதுதான்: "எந்தப் பாஸ் எடுக்கிறது?" அதற்கு நான் சொல்லும் விடயங்களை இங்கே எழுதுகிறேன். இங்கு மகளோ தங்கையோ இருப்பவர்களுக்கு இது உதவும். மற்றவர்களுக்கும் அந்தப் படங்களுக்குப் பின்னால் உள்ள கணக்கு விளங்கும்.

லிப்ற் பாஸ் என்பது என்ன?

பனிச்சறுக்கில் கீழே வருவதற்குக் காசு இல்லை. மேலே ஏறுவதற்குத்தான் காசு. ஆரம்ப காலத்தில் பலகைகளைத் தோளில் சுமந்து நடந்தே ஏறினார்கள். 1934இல் டாவோஸ் என்ற ஊரில், எர்ன்ஸ்ற் கொன்ஸ்ராம் என்ற பொறியியலாளர், ஓடும் கம்பியில் தொங்கும் தடியைப் பிடித்தபடி மேலே இழுபட்டுச் செல்லும் லிப்றை அமைத்தார். 1936இல் அமெரிக்காவின் சண் வலி என்ற இடத்தில் முதலாவது கதிரை லிப்ற் வந்தது. கப்பலில் வாழைக்குலை ஏற்றும் பொறியைப் பார்த்துத்தான் அந்த யோசனை பிறந்ததாம்! இன்று கேபிள் கார்களும் ஓடுகின்றன.

இவற்றில் ஏறுவதற்கான அனுமதிச் சீட்டே லிப்ற் பாஸ். இப்போது அது ஒரு சிறிய அட்டை. சட்டைப்பையில் இருந்தாலே வாயிற்கதவு அதை அறிந்து திறக்கும். பெரிய மலைகளில் வளர்ந்த ஒருவருக்கு ஒரு நாள் பாஸ் 80 பிராங்கையும் தாண்டுகிறது. குடும்பமாகப் போனால் தொகை எங்கே போய் நிற்கும் என்று எண்ணிப் பாருங்கள்.

காலைப் பார்த்து வாங்குங்கள், மலையைப் பார்த்து அல்ல

விளம்பரங்களில் "300 கிலோமீற்றர் பாதை" என்று பெரிதாகப் போட்டிருப்பார்கள். சுவிஸில் சறுக்குப் பாதைகளுக்கு நிறம் உண்டு. நீலம் இலகு, சிவப்பு நடுத்தரம், கறுப்பு கடினம். புதிதாகப் பழகுபவர் நீலப் பாதையை விட்டு வெளியே போகவே கூடாது. ஆகவே முதலில் மலையின் வரைபடத்தை வாங்கி, நீலப் பாதைகளுக்குப் போகும் லிப்றுகள் எத்தனை என்று எண்ணுங்கள். அநேகமாக ஐந்தோ ஆறோ இருக்கும். மிகுதி எல்லாம் உங்களுக்குப் பயன்படாதவை.

பல இடங்களில் பழகும் திடலுக்கு மட்டும் தனியான மலிவுச் சீட்டு உண்டு. நிலத்தில் ஊர்ந்து செல்லும் பட்டியில் நின்றபடியே சிறுவர்கள் ஏறிப் போவார்கள். சறுக்காமல் மேலே சென்று காட்சி பார்த்துத் திரும்புவோருக்கு நடைப்பயணிச் சீட்டும் உண்டு. இவற்றை விளம்பரத்தில் பெரிதாகப் போடுவதில்லை. கேட்டால்தான் சொல்வார்கள். கேட்பதற்குக் கூச்சப்படாதீர்கள்.

சேர்மாற் என்ற ஊரிலிருந்து எல்லை கடந்து இத்தாலியின் சேர்வினியா வரை சறுக்கிப் போகலாம். அதற்குரிய சர்வதேசப் பாஸின் விலை கூட. காற்றுப் பலமானால் மேலேயுள்ள லிப்றுகளை நிறுத்திவிடுவார்கள். அப்போது அந்தப் பக்கம் நிற்பவர் தெருவழியாகப் பல மணி நேரம் சுற்றித்தான் திரும்ப வேண்டும். நன்றாகச் சறுக்கத் தெரிந்தவருக்கு அது நல்ல பாஸ். பழகுபவருக்கு வீண் செலவு.

ஒரு தாயின் கணக்கு

சில வருடங்களுக்கு முன் ஒரு சகோதரி இரண்டு பிள்ளைகளுடன் ஆறு நாட்கள் எங்கள் விடுதியில் தங்கினார். கணவரை யுத்தத்தில் இழந்தவர். சுத்திகரிப்பு வேலை செய்து சிறுகச் சிறுகச் சேர்த்த காசு அது.

"அக்கா, நாள் கணக்குக்குப் பார்த்தால் ஆறு நாள் பாஸ்தானே மலிவு? எல்லாரும் அதைத்தானே எடுக்கினம். நாங்கள் மட்டும் குறைச்சு எடுத்தால் பிள்ளையளுக்கு ஒரு மாதிரி இருக்கும்" என்றார்.

"தங்கச்சி, முதலில் கடதாசியில் எழுதிப் பார்ப்பம்" என்றேன்.

கணக்கு இலகுவாக இருக்கட்டும் என்று தொகைகளை முழு எண்ணாகத் தருகிறேன். ஒரு நாளைக்குத் தாய்க்கு 80, பிள்ளைக்கு 40 பிராங். ஆறு நாள் பாஸ் தாய்க்கு 384, பிள்ளைகள் இருவருக்கும் 192 வீதம் 384. மொத்தம் 768 பிராங். நாள் கணக்கில் பார்த்தால் மலிவுதான்.

ஆனால் பிள்ளைகள் இதற்கு முன் பலகையில் ஏறியதே இல்லை. முதல் இரண்டு நாட்கள் பழகும் திடலிலேயே போய்விடும். அதற்கு ஒரு பிள்ளைக்கு நாளொன்றுக்கு 15 பிராங் படி இருவருக்கும் 60. மூன்றாம் நாள் உடம்பு நோகும், ஓய்வு. கடைசி மூன்று நாட்களுக்கு மூன்று நாள் பாஸ், ஒரு பிள்ளைக்கு 110 படி 220. தாய் சறுக்குவதில்லை. ஒரு நாள் மட்டும் மேலே போய் வர 40. எல்லாம் சேர்த்து 320 பிராங்.

மிச்சம் 448 பிராங். அதில் ஒரு பகுதி பிள்ளைகளின் சறுக்குப் பயிற்சி வகுப்புக்குப் போனது. மற்றப் பகுதி ஊரில் இருக்கும் தாயாரின் மருந்துச் செலவுக்குப் போனது. பிள்ளைகள் கடைசி நாளில் நீலப் பாதையில் விழாமல் இறங்கினார்கள். அவர்களுக்கு எந்தக் குறையும் தெரியவில்லை.

பருவகாலப் பாஸ் இலாபமா?

2016இல் சாஸ்பே என்ற ஊர், முழுப் பருவத்துக்கும் 222 பிராங் என்று அறிவித்தபோது எல்லோரும் ஆச்சரியப்பட்டார்கள். 2017இல் பிரெஞ்சு மொழிப் பகுதியின் 25 மலையூர்கள் சேர்ந்து "மஜிக் பாஸ்" என்ற பொதுவான பாஸை 359 பிராங்குக்கு முன்கூட்டி விற்றன. பின்னர் ஊர்களும் கூடின, விலையும் ஏறியது. இப்படியான பாஸ்களைப் பனிக்காலத்துக்குப் பல மாதங்கள் முன்னரே வாங்கினால்தான் மலிவு.

கணக்கு மிகச் சுலபம். பாஸின் விலையை ஒரு நாள் சீட்டின் விலையால் வகுத்துப் பாருங்கள். ஒரு நாள் 60 பிராங் என்றால், 359 பிராங் பாஸ் ஆறாம் நாளில்தான் காசைத் திருப்பித் தருகிறது. வருடத்தில் இரண்டு நாள் மட்டும் மலைக்குப் போகும் குடும்பத்துக்கு அது இலாபம் அல்ல. ஊரில் பஸ்ஸுக்கு சீசன் ரிக்கற் எடுக்கும்போது, மாதத்தில் எத்தனை நாள் போவோம் என்று நாம் எண்ணுவதில்லையா? அதே கணக்குத்தான்.

காசு கொடுக்கும் முன் கேட்க வேண்டியவை

* சில மலைகளில் விமானச் சீட்டைப் போல நாளுக்கு நாள் விலை மாறும். முன்கூட்டி வாங்கினால் குறையும். ஆனால் திகதியை மாற்றலாமா, காசு திரும்புமா என்று வாசித்துப் பாருங்கள்.
* காலநிலை சரியில்லாமல் சில லிப்றுகள் மட்டும் நின்றால் பொதுவாகக் காசு திரும்பாது. ஆகவே வானிலை தெளிவில்லாத கிழமையில் நாட்சீட்டே நல்லது.
* மத்தியானத்துக்குப் பிந்திய அரைநாள் சீட்டு இருக்கிறதா என்று கேளுங்கள். சிறுவர்களுக்கு அரை நாளே போதும்.
* பிள்ளைகளின் வயதெல்லை மலைக்கு மலை மாறும். சிறு குழந்தைகளுக்குப் பல இடங்களில் இலவசம். வயதைக் காட்டும் அட்டையைக் கொண்டு செல்லுங்கள்.
* ஒருவரின் பாஸை மற்றவர் பாவிக்கக் கூடாது. பிடிபட்டால் பாஸும் போகும், தண்டமும் கட்ட வேண்டும்.

விபத்தை மறக்காதீர்கள்

இது காசை விட முக்கியம். பாஸ் வாங்கியதால் விபத்துச் செலவு தீர்ந்துவிடாது. விழுந்தவரை மலையிலிருந்து இறக்குவதற்கும் கட்டணம் உண்டு. ஒரே முதலாளியிடம் கிழமைக்கு 8 மணித்தியாலம் அல்லது அதற்கு மேல் வேலை செய்பவருக்கு, வேலைக்கு வெளியே நடக்கும் விபத்துக்கும் வேலையிடத்துக் காப்புறுதி உண்டு. வீட்டில் இருக்கும் பெண்களும் பிள்ளைகளும் தங்கள் மருத்துவக் காப்புறுதியில் விபத்தும் சேர்க்கப்பட்டிருக்கிறதா என்று பார்க்க வேண்டும். ஊரிலிருந்து வரும் விருந்தினராயின், அவர்களுடைய பயணக் காப்புறுதி பனிச்சறுக்கை ஏற்கிறதா என்று விசாரியுங்கள்.

இன்னொன்று. பாடசாலையே கட்டாயமாக நடத்தும் பனிமுகாமுக்குப் பெற்றோரிடம் சாப்பாட்டுச் செலவை மட்டுமே கேட்கலாம் என்று சுவிஸ் உச்ச நீதிமன்றம் 2017இல் தீர்ப்பளித்தது. பிள்ளையின் வயதைப் பொறுத்து அது நாளொன்றுக்கு 10 முதல் 16 பிராங் வரைதான். இது தெரியாமல், காசில்லை என்று பிள்ளையை முகாமுக்கு அனுப்பாமல் வைத்திருக்க வேண்டாம்.

சகோதரிகளே, அயலவர் எந்தப் பாஸ் எடுத்தார் என்பது எங்களுக்கு அவசியமில்லை. எத்தனை நாள், எத்தனை பேர், யாருக்கு என்ன தெரியும் என்ற மூன்றையும் ஒரு கடதாசியில் எழுதுங்கள். பிறகு பாஸ் விற்கும் யன்னலுக்குப் போங்கள். கஷ்டப்பட்டு உழைத்த காசைத் தேவைக்கு அளந்து செலவழிப்பது கஞ்சத்தனம் அல்ல. பிள்ளைகளும் அதைப் பார்த்துத்தான் பழகுவார்கள்.