பரணில் ஒரு பிரசவம்

அணில் என்றால் நம்மவர்களுக்குத் தனிப் பிரியம். ராமபிரான் தடவிக் கொடுத்த முதுகல்லவா? வால்மீகி சொல்லாத அந்த அணிலைத் தொண்டரடிப்பொடியாழ்வார் தமது திருமாலையில் மறவாமல் குறித்திருக்கிறார். ஆனால் அது மரத்தில் ஓடுகிற வரையில்தான் நமது பக்தியெல்லாம். பரணில் குடியேறிவிட்டால் சோதனை ஆரம்பமாகிறது.

சென்ற வருஷம் நவராத்திரிக்கு நான்கு நாள் முன்பு, கொலுப் பொம்மைகளை இறக்குவதற்காகப் பரணில் ஏறினோம். செட்டியார் பொம்மை இருந்த கள்ளிப் பெட்டிக்குள், தேங்காய் நாரும் பழைய மெத்தையிலிருந்து பிடுங்கிய இலவம் பஞ்சுமாக ஒரு பந்து. அதனுள்ளே கண் திறவாத, ரோமம் முளைக்காத மூன்று குட்டிகள்! தாய் ஓட்டுச் சந்தில் நின்று வாலை உதறிக் கீச்சிட்டுக் கொண்டிருந்தது. அந்தச் சந்தை அடைக்க முன்தினமே வருவதாகச் சொல்லியிருந்த கொத்தனார் வரவில்லை. சொன்ன தேதிக்கு வராத ஒருவரை நாம் மனமார வாழ்த்தியது அதுவே முதல் தடவை.

வந்து அடைத்திருந்தால் குட்டிகள் உள்ளேயே பட்டினி கிடந்து மடிந்திருக்கும். தாயோ மரச் சட்டத்தைக் கொறித்தாவது உள்ளே நுழையப் பார்த்திருக்கும். விஷம் வைக்கச் சொல்லும் நண்பர்களும் உண்டு. எட்டாத இடுக்கில் செத்து நாறுவதை யார் எடுப்பது என்று மட்டும் அவர்கள் சொல்வதில்லை.

அதற்காக அணிலுக்குப் பரணைச் சாசனம் எழுதிக் கொடுக்கவும் முடியாது. அதன் முன்பற்கள் ஆயுள் முழுவதும் வளர்ந்துகொண்டே இருப்பவை; எதையாவது கொறித்துத் தேய்த்தே ஆகவேண்டும். நமது வீட்டில் மின்சாரக் கம்பியின் உறையைக் கொறித்து, இரண்டு விரற்கடை செம்பு வெளியே தெரிந்தது. காய்ந்த நாரும் பஞ்சும் பக்கத்திலேயே! அன்றே அந்த இணைப்பைத் துண்டித்து, புதிய கம்பியை இரும்புக் குழாய்க்குள் செலுத்தச் செய்தோம்.

குட்டிகள் பால்குடி மறக்கச் சுமார் பத்து வாரம் ஆகும். நவராத்திரியோ நான்கு நாளில். "பிள்ளை பெற்றவளை யாராவது தெருவில் நிறுத்துவார்களாடா? செட்டியார் ஒரு வருஷம் கடை போடாவிட்டால் என்ன?" என்று தாயார் தீர்ப்பளித்தார். பெட்டியை அப்படியே மூடி வைத்தோம்.

மார்கழியில் குட்டிகள் முருங்கை மரத்தில் ஓடித் திரிந்தன. சந்தில் கசக்கிய காகிதத்தைச் செருகினோம். மூன்று நாளாகியும் அதை எதுவும் தள்ளவில்லை. உள்ளே ஒருவருமில்லை என்று நிச்சயப்படுத்திக்கொண்டு கம்பி வலை அடித்தோம். ஓட்டைத் தொட்ட முருங்கைக் கிளையையும் வெட்டினோம்.

பெட்டியை இறக்கிப் பார்த்தால், காகிதக் கூழ்ச் செட்டியாரின் தலைப்பாகையில் பாதியைக் காணவில்லை.