சாம்பியன் ஸ்டேஷன்

கோலார் தங்கவயலில் ஒரு காலத்தில் ‘கேப்டன்’ என்றால் பட்டாளத்துக்காரர் இல்லை. சுரங்கத்தில் வேலை வாங்குகிற துரை. 1880களில் அங்கிருந்த ‘மைசூர்’ சுரங்கத்தை நடத்தியவர் கேப்டன் பிளம்மர். இந்தக் ‘கேப்டன்’ லண்டன் இங்கிலீஷ் அல்ல, கார்ன்வால் இங்கிலீஷ். இங்கிலாந்தின் தென்மேற்கு மூலையில் தகரமும் செம்பும் தோண்டியவர்களின் பேச்சு. அங்கே தொழில் நொடித்ததும் அவர்கள் கடல் தாண்டிப் பிழைக்கப் போனார்கள். 1880இல் ஜான் டெய்லர் அண்ட் சன்ஸ் கம்பெனி கோலாரில் கால் வைத்த பிறகு, அவர்களில் பலர் இங்கு வந்து சேர்ந்தார்கள்.

அன்று

வட ஆற்காட்டிலிருந்து கூலிக்கு வந்து ‘லைன்’ வீடுகளில் குடியேறிய தமிழர்களுக்கு அந்த இங்கிலீஷ் பள்ளிக்கூடத்தில் கிடைக்கவில்லை, பாறை இடுக்கில் கிடைத்தது. தாதுவை வெட்டி எடுத்த குடைவு ‘ஸ்டோப்’. ஒரு மட்டத்திலிருந்து கீழ்மட்டத்துக்கு இறங்கும் குழி ‘வின்ஸ்’. ஆழத்தின் அழுத்தம் தாளாமல் பாறை வெடித்துச் சிதறினால் ‘ஏர் பிளாஸ்ட்’. அந்தச் சொல் காதில் விழுந்தால் லைன் முழுக்க நெஞ்சைப் பிடித்துக்கொண்டு நிற்கும். லண்டனில் பட்டம் வாங்கியவர் விழிக்கிற சொற்கள், கைநாட்டு வைத்தவருக்கு அன்றாடப் பேச்சு. மேலே துரைமார் கிளப்பில் பேசிய இங்கிலீஷோ அவருக்கு எட்டாத தொலைவில் இருந்தது.

இன்று

2001 பிப்ரவரி 28இல் சுரங்கம் மூடப்பட்டது. மூன்று கிலோமீட்டருக்கும் கீழே போன குழிகளில் தண்ணீர் ஏறிவிட்டது. ஸ்டோப்பும் வின்ஸும் தாத்தாக்களின் வாயில் மிச்சம் இருக்கின்றன. பேரப்பிள்ளைகள் விடியலில் ரயிலேறி பெங்களூருக்குப் போகிறார்கள். அவர்கள் பேசுவது ஆபீஸ் இங்கிலீஷ். கிளப் வாசலில் தாத்தாவை நிறுத்திய அதே மொழி, பேரனுக்குச் சம்பளம் தருகிறது. இரண்டு தலைமுறைக்கும் பொதுவாக நிற்கிற சொல் ‘ஷிப்ட்’. தாத்தாவின் ஷிப்ட்டுக்குச் சங்கு ஊதியது. பேரனின் ஷிப்ட்டுக்குப் போன் அலாரம்.

மாரிகுப்பத்தில் கிளம்பும் ரயில் அடுத்து ‘சாம்பியன்’ ஸ்டேஷனில் நிற்கும். பந்தயத்தில் ஜெயித்தவன் பெயரல்ல அது. சுரங்கக்காரர் பேச்சில், கிளைவிட்டு நிற்கும் தாதுவின் தாய் இழையே ‘சாம்பியன்’. அந்த இழையில் உருவானதுதான் சாம்பியன் ரீப் சுரங்கம். தங்கம் போய்விட்டது, பெயர்ப்பலகை நிற்கிறது, தமிழிலும் கன்னடத்திலும் ‘சாம்பியன்’ என்றே வாய்க்கு வருகிறது.