இமை முதலில் சொல்லும்

புனேவின் மகர்பட்டா ஐ.டி. வளாகங்களில் வேலை பார்க்கும் தமிழர்களுக்கு ஹடப்சர் என்றதும் சோலாப்பூர் சாலை நெரிசல் நினைவுக்கு வரும்; அடுத்தபடியாகக் கோவிஷீல்டு. அந்தத் தடுப்பூசியைத் தயாரித்த நிறுவனத்தின் பெயரிலேயே ‘சீரம்’ இருக்கிறது. உறைந்த ரத்தத்திலிருந்து பிரியும் தெளிந்த நீருக்குத்தான் அந்தப் பெயர். இங்கே முதலில் அது குதிரையின் ரத்தம்.

பூனாவாலா குடும்பம் பந்தயக் குதிரைப் பண்ணை நடத்தியது. ஓடி ஓய்ந்த குதிரைகள் மும்பை ஹாஃப்கின் நிறுவனத்துக்குப் போயின. நஞ்சைச் சிறுகச் சிறுகக் குதிரைக்கு ஏற்றி, அதன் ரத்தத்தில் உருவாகும் எதிர்ப்பொருளைப் பிரித்து மருந்தாக்கும் வேலை அங்கே நடந்தது. அதை நாமே செய்யலாமே என்று சைரஸ் பூனாவாலா 1966-ல் ஹடப்சரில் தொடங்கியதுதான் சீரம் இன்ஸ்டிடியூட். முதலில் வந்தது டெட்டனஸ் எதிர்மருந்து. 1974-ல் தொண்டை அடைப்பானையும் தடுக்கும் முத்தடுப்பூசி, 1981-ல் பாம்புக்கடி மருந்து.

டெட்டனஸ், தொண்டை அடைப்பான், பாம்பு நஞ்சு. மூன்றும் வெவ்வேறு வகை. ஆனால் நரம்பைத் தொடும்போது மூன்றும் பெரும்பாலும் தலையில்தான் தொடங்குகின்றன. டெட்டனஸில் தாடை பூட்டிக்கொள்ளும். தொண்டை அடைப்பானில் உள்நாக்குப் பகுதி தளர்ந்து, குடித்த பால் மூக்கு வழியே வரும். கட்டுவிரியன் கடித்தால் இமை சரியும்.

பெருமூளையையும் தண்டுவடத்தையும் இணைத்தபடி ஆள்காட்டி விரல் நீளத்துக்கு இருக்கிறது மூளைத்தண்டு; தாடை, தொண்டை, இமை மூன்றையும் ஆளும் நரம்புகள் புறப்படுவது இங்கிருந்துதான். மேலே நடுமூளை, இடையில் பான்ஸ், கீழே முகுளம். மூளை நரம்புகள் 12 இணை. முகர்வதும் பார்ப்பதுமான முதல் இரண்டும் நேரே மேல்மூளைக்குப் போய்விடுகின்றன. மற்ற பத்தும் இந்தத் தண்டைச் சேர்ந்தவை. 3, 4, 6-ஆம் நரம்புகள் கண்ணைத் திருப்பும். இமையைத் தூக்கிப்பிடிப்பதும் 3-ஆம் நரம்புதான். மெல்லுவது 5, சிரிப்பது 7, கேட்பதும் தள்ளாடாமல் நிற்பதும் 8, விழுங்குவதும் குரலும் 9, 10, கழுத்து 11, நாக்கு 12. மூச்சின் தாளம் பிறப்பது முகுளத்தில். தூங்கும்போதும் நாம் மூச்சுவிடுவது அதன் உழைப்பு.

ஹடப்சரைத் தாண்டி லோணி காள்போர், உருளி காஞ்சன் பக்கம் போனால் கரும்பு வயல்கள். மராத்தியில் மண்யார் எனப்படும் கட்டுவிரியன் இரவில் நடமாடும். தரையில் படுத்திருப்பவரைக் கடிக்கும். பெரும்பாலும் வலியும் வீக்கமும் இருக்காது, பல்தடம்கூடக் கண்ணில் படாது. விடியற்காலையில் வயிற்றுவலி என்று எழுந்திருப்பார். கொஞ்ச நேரத்தில் இமை கனக்கும், எதிரே நிற்பவர் இரண்டாகத் தெரிவார், எச்சில் விழுங்க முடியாது, குரல் மூக்கால் வரும், கழுத்து தலையைத் தாங்காது. நரம்பு வரிசையைப் பாருங்கள்: 3, 4, 6, பிறகு 9, 10, பிறகு கழுத்து. கடைசியில் மார்பு. தரையில் படுத்த ஒருவர் காலையில் இமை திறக்கச் சிரமப்பட்டால், தூக்கக் கலக்கம் என்று விட்டுவிடாதீர்கள். மந்திரிக்கவும் பச்சிலை தேடவும் நேரமில்லை.

இவ்வளவுக்கும் மூளைத்தண்டுக்கு ஒரு கேடும் இல்லை. நஞ்சு நரம்பின் நுனியில், தசையைத் தொடும் இடத்தில் உட்கார்ந்திருக்கிறது. மூச்சு விடு என்று முகுளம் ஆணையிட்டுக்கொண்டே இருக்கிறது. அது தசைக்குப் போய்ச் சேர்வதில்லை.

மருந்து செய்யக் குதிரைக்கு ஏற்றும் நஞ்சில் பெரும்பங்கு தமிழ்நாட்டிலிருந்து வருவது. மாமல்லபுரம் பக்கம் வடநெம்மேலியில் 1978 முதல் இயங்கும் இருளர் பாம்புபிடிப்போர் கூட்டுறவுச் சங்கம் நல்லபாம்பு, கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் ஆகிய நான்கிலிருந்தும் நஞ்செடுக்கிறது. வடிவேல் கோபாலுக்கும் மாசி சடையனுக்கும் 2023-ல் பத்மஸ்ரீ கிடைத்தபோது மனம் நிறைந்தது. எத்தனையோ உயிர்கள் அவர்கள் விரல்நுனியில் பிழைத்திருக்கின்றன. ஆனால் செங்கல்பட்டுப் பாம்பின் நஞ்சும் மகாராஷ்டிரப் பாம்பின் நஞ்சும் ஒன்றல்ல. மேற்கு இந்தியாவில் சிந்து கட்டுவிரியன் என்று இன்னோர் இனமும் உண்டு. அதனிடம் இன்றைய மருந்து போதிய அளவு வேலை செய்வதில்லை என்று பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தின் ஆய்வு 2019-ல் காட்டியது. 2000 முதல் 2019 வரை பாம்புக்கடியால் ஆண்டுக்குச் சராசரியாக 58,000 பேர் இறந்த நாட்டில், வட்டாரத்துக்கு ஏற்ற மருந்து இன்னும் வராதது பெரிய குறை.

மருந்து ரத்தத்தில் திரியும் நஞ்சைத்தான் பிடிக்கும். கட்டுவிரியன் சிதைத்துவிட்ட நரம்பு நுனியைச் சரிசெய்யாது. அது மறுபடி வளரும்வரை நாள்கணக்கில் வென்டிலேட்டர் மூச்சு கொடுக்க வேண்டும்.

அந்த நாட்களில்தான் பெரிய ஆபத்து ஒன்று இருக்கிறது. 1994-ன் உறுப்பு மாற்றுச் சட்டம் மூளைத்தண்டுச் சாவையும் சாவாக ஏற்கிறது. அதை உறுதிசெய்ய மருத்துவர் கண்ணில் விளக்கடித்துப் பார்ப்பார், கருவிழியைப் பஞ்சால் தொடுவார், காதில் ஐஸ் தண்ணீர் விட்டுக் கண் அசைகிறதா என்று கவனிப்பார், தொண்டையைச் சீண்டி இருமல் வருகிறதா என்று பார்ப்பார், கடைசியில் வென்டிலேட்டரைக் கழற்றித் தானாக மூச்சு வருகிறதா என்று சோதிப்பார். குறைந்தது 6 மணி நேரம் விட்டு எல்லாம் மறுபடியும். மூச்சுச் சோதனை தவிர மற்ற ஒவ்வொன்றும் மூளை நரம்புகளின் வழியே மூளைத்தண்டைத் தட்டிப் பார்ப்பது. கட்டுவிரியன் கடித்தவர் இதில் எதற்கும் பதில் தராமல் போகலாம். கண்பாப்பா விரிந்து அப்படியே நிற்கலாம். மூளை செத்துவிட்டது என்று எண்ணப்பட்டவர்கள் பிழைத்து எழுந்த நிகழ்வுகள் இந்திய மருத்துவ இதழ்களில் பதிவாகியிருக்கின்றன. அதனால்தான் நஞ்சும் தசை முடக்கமும் இல்லை என்று உறுதியான பிறகே அந்தச் சோதனையைத் தொடங்க வேண்டும் என்பது விதி.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். 8-ஆம் நரம்பு எந்தத் தசையையும் அசைப்பதில்லை. ஒலியையும் உடல் சமநிலை பற்றிய தகவலையும் உள்ளே கொண்டுபோவது மட்டுமே அதன் வேலை. பாம்பு நஞ்சு பூட்டும் கதவு, அதாவது நரம்பு தசையைத் தொடும் இடம், அதன் வழியில் இல்லை. விரல் அசையாமல், இமை திறக்காமல் கிடப்பவருக்குக் கட்டிலருகே அழுவதும் கேட்கலாம், ‘இனி ஒன்றுமில்லை, வீட்டுக்குக் கொண்டுபோகலாம்’ என்று யாரோ தாழ்ந்த குரலில் சொல்வதும் கேட்கலாம். அவர் பெயரைச் சொல்லிக் கூப்பிடுங்கள். இன்று என்ன கிழமை, யார் யார் வந்திருக்கிறார்கள், மருந்து ஏறிக்கொண்டிருக்கிறது என்று சொல்லிக்கொண்டே இருங்கள்.