கூப்பனும் நாணயமும்



திருவதிகைக்கு மிக அருகில் உள்ள பண்ணுருட்டி, பலாப்பழத்துக்குப் பெயர் பெற்ற ஊர். பருவகாலத்தில் அங்கே கடைகள் பல. குவியும் பழங்களோ எண்ணில. எனினும், பழத்தைத் தட்டிப் பார்த்து, "இது பழுக்க இன்னும் இரண்டு நாளாகும்" என்று உள்ளதை உள்ளவாறு சொல்லும் வியாபாரியையே மக்கள் அடுத்த முறையும் நாடுகின்றனர். இச்சந்தை நியாயம் இணைய வாணிகத்துக்கும் பொருந்துமா என்பதைக் கூப்பன் தளம் ஒன்றைக் கொண்டு ஆராய்வோம்.

கூப்பன் என்பது, ஒரு பொருளை விலை குறைத்தோ விலையின்றியோ பெறுவதற்குரிய சீட்டு. அமெரிக்காவில் கொக்கோ-கோலா நிறுவனம் 19-ஆம் நூற்றாண்டின் இறுதியிலேயே, ஒரு குவளை பானத்தை இலவசமாகப் பெறும் சீட்டுகளை வழங்கித் தன் பெயரைப் பரப்பியது. அன்று காகிதமாக இருந்தது, இணையக் கடைகளில் சில எழுத்துகளும் எண்களும் சேர்ந்த குறியீடாகிவிட்டது. பணம் செலுத்தும்போது அதனைப் பதிந்தால் விலை குறையும். இத்தகைய குறியீடுகளை ஓரிடத்தில் திரட்டித் தருவதே கூப்பன் தளம். அதன் வழியாகச் சென்று ஒருவர் பொருள் வாங்கினால், கடைக்காரர் தளத்தாருக்குச் சிறு தரகு கொடுப்பார். அமேசான் நிறுவனம் இத்தரகு முறையை 1996-ஆம் ஆண்டிலேயே தொடங்கிவிட்டது. ஆகவே, வருவோர் இல்லையேல் வருவாயும் இல்லை.

நம் நாட்டில் 2010-ஆம் ஆண்டில் தோன்றிய கூப்பன்துனியா போன்ற பெருந்தளங்கள் பற்பல கடைகளின் சலுகைகளைத் திரட்டின. எல்லாப் பொருள்களிலும் அவற்றோடு போட்டியிட ஒரு சிறுதளத்தால் இயலாது. அது தனக்கென ஒரு துறையை வகுத்துக்கொள்ளுதல் வேண்டும்.

சான்றாக, கைத்தறித் துணிக்கான தள்ளுபடிகளை மட்டும் ஒருவர் தமிழில் தொகுப்பதாகக் கொள்வோம். 1935-ஆம் ஆண்டில் தொடங்கப்பெற்ற கோ-ஆப்டெக்ஸ், தீபாவளிக் காலத்தில் தள்ளுபடி வழங்குவது வழக்கம். காந்தி ஜயந்தியையொட்டிக் கதர்த் துணிக்கும் தள்ளுபடி உண்டு. அவை எந்நாளில் தொடங்கி எந்நாளில் முடிகின்றன? எத்துணிக்கு உண்டு, எதற்கு இல்லை? கடையில் மட்டுமா, இணையத்திலுமா? இவ்வினாக்களுக்குத் தெளிவாக விடை கூறும் பக்கம், ஆயிரம் குறியீடுகளைக் கொட்டி வைத்த பக்கத்தினும் பயனுடையது. தமக்குத் தரகு கிடைக்காத சலுகையையும் அதில் சேர்த்துச் சொல்வாராயின், வாசகர் அவரை நம்பத் தொடங்குவர்.

இனி, அப்பக்கம் மக்கள் கண்ணில் படுவது எங்ஙனம்? பலர் தேடுபொறியின் வழியாகவே இத்தளங்களை அடைகின்றனர். 1998-இல் தொடங்கப்பெற்ற கூகுள், ஒரு பக்கத்தைப் பிற தளங்கள் சுட்டுவதை அதன் மதிப்புக்கு ஓர் அளவுகோலாகக் கொண்டது. அதனை அறிந்த சிலர் அத்தகைய இணைப்புகளை விலைக்கு வாங்கினர். 2012-இல் கூகுள் அவர்தம் தளங்களைப் பின்னுக்குத் தள்ளியது. 2024-இல், புகழ்பெற்ற செய்தித் தளங்களின் நிழலில் பிறர் நடத்திவந்த கூப்பன் பக்கங்கள் மீதும் நடவடிக்கை எடுத்தது. குறுக்குவழியில் வந்த கூட்டம் ஒரே நாளில் கலைந்துபோகக் கூடும் என்பதை இவை உணர்த்துகின்றன.

கூப்பன் தளங்களுக்குப் பெரும் பகை, காலாவதியான குறியீடே. நூறு ரூபாய் மிச்சமாகும் என்று நம்பி ஒரு மாணவர் பொருளைத் தேர்ந்தெடுக்கிறார். முகவரியையும் எழுதி முடிக்கிறார். இறுதியில் "இக்குறியீடு செல்லாது" என்ற சொற்களைக் காண்கிறார். அவர் மீண்டும் அத்தளத்துக்கு வருவாரா? ஆதலின், ஒவ்வொரு குறியீட்டையும் அன்றாடம் சோதித்தல், சோதித்த நாளை அருகே குறித்தல், செல்லாததை உடனே நீக்குதல், தரகு பெறுவதை ஒளியாது கூறுதல் ஆகிய நான்கும் தளத்தாரின் கடமைகள். "இன்னும் பத்து நிமிடமே" என்று பொய்யாக அவசரப்படுத்துவது நெறியன்று என்பது மட்டுமன்று, விதிக்கும் முரணானது. நடுவண் அரசின் நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2023-ஆம் ஆண்டு நவம்பரில் வெளியிட்ட நெறிமுறைகள் இதனைத் தடை செய்கின்றன.

இவ்வழியில் வளர்ச்சி மெல்லவே வரும். பண்டிகை முடிந்தால் வருவோர் தொகை குறையவும் செய்யும். அதுகண்டு சோர்தல் வேண்டா. இன்று எத்தனை பேர் வந்தனர் என்று எண்ணுவதோடு நில்லாது, சென்ற மாதம் வந்தவருள் எத்தனை பேர் மீண்டும் வந்தனர் என்றும் எண்ணிப் பாருங்கள். வாணிகத்தில் நேர்மைக்கு நாணயம் என்று நம் முன்னோர் பெயரிட்டனர். சிறுதொழில் தொடங்க விரும்பும் இளைஞர் கையில் முதல் குறைவாக இருக்கலாம். அந்த நாணயம் குறையாதிருத்தல் வேண்டும்.