கடன் நிவாரணமும் புதுக் கடனும்

“உழுதவன் கணக்குப் பார்த்தால் உழக்கும் மிஞ்சாது” என்பது நம் நாட்டுப் பழமொழி. காவிரியின் கடைமடையாகிய காரைக்காலில் வாழும் நமக்கு இதற்கு உரை தேவையில்லை. மேட்டூரில் திறந்த நீர் இங்கு வந்து சேர்வதற்குள் நாற்று முதிர்ந்துவிடும். குறுவைக் கதிர் சாயும் வேளையில் ஐப்பசி மழை பிடித்துக்கொள்ளும். ஆகவே கடன் நிலுவையாவதும், அதற்கு நிவாரணம் அறிவிக்கப்படுவதும் நமக்குப் புதியவை அல்ல. ஆனால் நிவாரணம் என்றவுடன் எழவேண்டிய ஒரு கேள்வியைப் பலரும் எழுப்புவதில்லை. பழைய கடனுக்கு முறைப்படி நிவாரணம் பெற்றுவரும் ஒருவர், அந்த இடைக்காலத்தில் புதுக் கடன் கேட்கலாமா? கேட்டால் கிடைக்குமா?

இக்கேள்வி சிறியதன்று. கடன் தீரும்வரை விதைப்புக் காலம் காத்திருப்பதில்லை. வங்கியின் கதவு மூடியிருந்தால் உழவர் வட்டிக்காரரிடம் செல்வார். உரிய காலத்தில் கட்டுவோருக்கு வங்கிப் பயிர்க் கடனின் வட்டி ஆண்டுக்கு 4 விழுக்காடு. வெளியில் ‘மூன்று வட்டி’ என்றால் மாதத்திற்கு 3. ஆண்டுக்கு 36 விழுக்காடு. 50,000 ரூபாய்க்கு ஆறு மாத வட்டி, முன்னதில் 1,000 ரூபாய். பின்னதில் 9,000 ரூபாய். பழைய கடனில் கிடைத்த சலுகையைப் புதுக் கடனின் வட்டி விழுங்கிவிடுவது இவ்வாறுதான்.

இதை உணர்ந்து விதி வகுத்ததற்கு 2008ஆம் ஆண்டின் வேளாண் கடன் தள்ளுபடி மற்றும் நிவாரணத் திட்டம் நல்ல எடுத்துக்காட்டு. அவ்வாண்டு பிப்ரவரி 29 அன்று, வரவு செலவுத் திட்ட உரையில் நிதியமைச்சர் ப. சிதம்பரம் இதனை அறிவித்தார். சொந்தமாகவோ, குத்தகையாகவோ, வாரமாகவோ 2 எக்டேர் வரை, அதாவது நம் கணக்கில் ஏறத்தாழ 15 மா வரை, பயிரிடுவோர் சிறு, குறு உழவர் எனப்பட்டனர். அவர்களுடைய தகுதியுள்ள நிலுவை முழுவதும் தள்ளுபடி ஆயிற்று. ஆனவுடனேயே புதுக் கடனுக்கும் அவர்கள் தகுதி பெற்றனர்.

அதற்கு மேல் நிலமுடையோர் நிலுவையில் 75 விழுக்காட்டைத் தவணைகளில் கட்டினால் மீதி 25 விழுக்காடு கழிக்கப்படும் என்பது பொது விதி. இவர்களுக்குக் கதவு படிப்படியாகத் திறந்தது. நிலுவை 80,000 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். கட்டவேண்டிய பங்கு 60,000 ரூபாய். அதில் மூன்றில் ஒரு பங்காகிய 20,000 ரூபாயைக் கட்டியவுடன் அடுத்த பயிருக்கான குறுகிய காலக் கடனைக் கேட்கலாம். பம்புசெட் போன்ற முதலீட்டுக் கடன் வேண்டுமெனில் 60,000 ரூபாயையும் கட்டி முடித்திருக்க வேண்டும். பயிர் காத்திராது, பம்புசெட் காத்திருக்கும். இவ்வேறுபாட்டை அறிந்து வகுத்த விதி இது எனலாம்.

விதி நன்றாயிருந்தால் மட்டும் போதுமா? தள்ளுபடியானதற்கு வங்கி ஒரு சான்று வழங்க வேண்டும் என்பதும் அத்திட்டத்தில் இருந்தது. புதுக் கடன் கேட்கச் செல்பவருக்கு அதுவே கைச்சீட்டு. ஆனால் தலைமைக் கணக்குத் தணிக்கையாளர் 2013இல் அளித்த அறிக்கை என்ன கூறுகிறது? இதற்காக ஆராய்ந்த 61,793 கணக்குகளில் 21,182 கணக்குகளுக்குச் சான்று வழங்கியதற்கான ஆதாரமே இல்லை. நூற்றுக்கு 34 பேர் கடன் தீர்ந்தும் அதைக் காட்டத் தாள் இல்லாமல் நின்றனர் என்று இதற்குப் பொருள் கொள்ளலாம்.

அரசுத் திட்டம் இல்லாத காலத்தில் வங்கியும் கடனாளியும் பேசி ஒரு தொகைக்குக் கணக்கை முடித்துக்கொள்வதுண்டு. இதனை ‘ஒரே முறைத் தீர்வு’ என்பர். இதைப் பற்றி ரிசர்வ் வங்கி 2023 ஜூன் 8 அன்று ஒரு சுற்றறிக்கை வெளியிட்டது. இவ்வாறு சமரசம் செய்துகொண்டவருக்கு அந்த வங்கி மீண்டும் கடன் கொடுக்கக் குறைந்தது 12 மாத இடைவெளி வேண்டும் என்றது. ஆனால் வேளாண் கடனுக்கு மட்டும் அந்த 12 மாதத்தை அது விதிக்கவில்லை. இடைவெளியை வங்கியின் நிர்வாகக் குழுவே கொள்கையாக வகுக்கலாம் என்று விட்டது. ஆகவே ஒரு வங்கியில் கிடைக்கும் விடை மற்றொன்றில் கிடைக்காது. கையெழுத்திடும் முன்பே “அடுத்த பயிர்க் கடன் எப்போது?” என்று கேட்டுவிட வேண்டும்.

எங்கள் வீட்டில் கல்லூரிப் படி ஏறிய முதல் ஆள் நான். எனவே வங்கித் தாள்களைப் படித்துச் சொல்லும் பொறுப்பும் என்னுடையதே. என் தந்தையார் பழைய கடனைத் தவணைகளில் தீர்த்து வருகிறார்; கடைசித் தவணை தை மாதத்தில். சம்பா நடவுக்குப் பணம் வேண்டியிருந்தது. தீர்வு முடியும்வரை பயிர்க் கடன் இல்லை என்றது வங்கி. வட்டிக்காரர் அன்று மாலையே தருவதாகச் சொல்லியனுப்பினார். அம்மா தம் சங்கிலியைக் கழற்றித் தந்தார். வேறோரிடத்தில் நகைக்கடன் கேட்டபோது, பழைய தீர்வுக் கடிதத்தையும் அப்பா மேசைமேல் வைத்தார். “இதை ஏன் காட்டுகிறீர்கள்?” என்றார் அலுவலர். “கேட்ட பிறகு சொன்னால் மறைத்ததாக ஆகிவிடுமே ஐயா” என்றார் அப்பா. கடன் கிடைத்தது.

அப்பா சொன்னதே சட்டத்தின் கருத்தும் ஆகும். நொடித்துப்போனவரை ‘மஞ்சள் கடுதாசி கொடுத்தவர்’ என்று ஊரில் ஏளனமாகக் கூறுவர். 1920ஆம் ஆண்டின் மாகாண நொடிப்புச் சட்டம், 72ஆம் பிரிவில் ஒரு வரையறை செய்தது. நீதிமன்றத்தால் இன்னும் விடுவிக்கப்படாத நொடிப்பாளர், தம் நிலையைச் சொல்லாமல் 50 ரூபாயோ அதற்கு மேலோ கடன் பெற்றால் ஆறு மாதம் வரை சிறை, அல்லது அபராதம், அல்லது இரண்டும். கடன் வாங்குவதை அச்சட்டம் குற்றமாக்கவில்லை. மறைத்து வாங்குவதையே குற்றமாக்கியது.

1954 வரை நம் காரைக்காலை ஆண்ட பிரான்சு நாடு இன்னும் கடுமையானது. அங்கு 1989 டிசம்பர் 31ஆம் நாள் சட்டத்தின்படி, கடன் மிகுந்த குடும்பங்களுக்குத் தீர்வுத் திட்டம் வகுக்கத் தனிக் குழுக்கள் ஏற்பட்டன. திட்டம் நடக்கும்போது உரியவர்களின் இசைவின்றிப் புதுக் கடன் வாங்கிச் சுமையைக் கூட்டினால் நிவாரணமே பறிபோகக்கூடும்.

மூன்று நாட்டு வழக்கம் முப்பது இருந்தாலும் சாரம் ஒன்றே. நிவாரணம் பெறும்போது புதுக் கடன் கேட்பது இழிவன்று; அதற்கு நேரமும் முறையும் உண்டு. எப்போது கேட்கலாம் என்பதை எழுத்தில் பெறுக. நிவாரண நிலையைக் கேட்குமுன் கூறுக. கணக்கு முடிந்ததும் சான்று பெறுக. கடன் தகவல் நிறுவனங்கள் நான்கும் ஆண்டுக்கு ஒருமுறை இலவசமாக அறிக்கை தரவேண்டும் என்பது விதி; அதில் நம் கணக்கு எவ்வாறு பதிவாகியுள்ளது என்று பார்த்துக்கொள்க.

மாணவ நண்பர்களே, நம்மில் பலருடைய வீடுகளில் இத்தகைய தாள் ஒன்று இரும்புப் பெட்டிக்குள் மடிந்து கிடக்கும். இந்த விடுமுறையில் அதை எடுத்துப் பெற்றோருக்குப் படித்துக் காட்டுங்கள். சான்று வராமலிருந்தால் அவர்களுடன் வங்கிக்குச் சென்று கேளுங்கள்.