பகடையில் உருளும் பேஸ்பால்

ஆசிரியர் கரும்பலகைப் பக்கம் திரும்பிய நேரத்தில் புத்தகக் கிரிக்கெட் ஆடித் தீர்த்த தலைமுறை ஒன்று தமிழ்நாட்டில் உண்டு. புத்தகத்தைக் கண்ணை மூடிக்கொண்டு பிரிப்பார்கள். பக்க எண்ணின் கடைசி இலக்கம்தான் ரன். பூஜ்யம் வந்தால் அவுட். மட்டையும் வேண்டாம், மைதானமும் வேண்டாம், மழை வந்தாலும் ஆட்டம் நிற்காது. அமெரிக்காவில் பேஸ்பாலுக்கும் இதே ஆசை பிறந்தது. அங்கே அதை அழகிய அட்டைப்பெட்டியில் போட்டு, படம் அச்சடித்து, 150 ஆண்டுகளுக்கும் மேலாகக் கடையில் விற்றுவருகிறார்கள். அப்படி விற்றவற்றில் தப்பிப் பிழைத்த பெட்டிகளையும் பொம்மைகளையும் தேடிச் சேர்ப்பது இன்று ஒரு தனிப் பொழுதுபோக்கு. சிலருக்கு அதுவே முழுநேரப் பித்து.

பேஸ்பால் சேகரிப்பு என்றதும் பலருக்கு நினைவுக்கு வருவது வீரர்களின் படம் போட்ட அட்டைகள். 1952-இல் டாப்ஸ் நிறுவனம் வெளியிட்ட மிக்கி மேன்டில் அட்டை ஒன்று, 2022-இல் 1 கோடியே 26 லட்சம் டாலருக்கு ஏலம் போனது. விளையாட்டுச் சாமான்களின் உலகம் இதிலிருந்து வேறு. அட்டையைப் பையன்கள் ஷூ பெட்டியில் பத்திரப்படுத்தினார்கள். விளையாட்டுச் சாமானைப் பிரித்தார்கள், உருட்டினார்கள், உடைத்தார்கள், பகடையைத் தொலைத்தார்கள். அதனால்தான் முழுசாகக் கிடைக்கும் ஒரு பழைய பெட்டிக்கு அவ்வளவு மவுசு.

வீட்டுக்குள் வந்த மைதானம்

பேஸ்பாலின் அமைப்பே இதற்குத் தோதானது. பந்தை வீசும் பிட்சருக்கும் அதை அடிக்கும் பேட்டருக்கும் நடக்கும் ஒவ்வொரு மோதலும் சில முடிவுகளில் ஒன்றாகத்தான் முடியும். மூன்று முறை தவறவிட்டு 'ஸ்ட்ரைக் அவுட்' ஆகலாம், 'வாக்' வாங்கி முதல் பேஸுக்கு நடந்து போகலாம், ஓரிரு பேஸ் ஓடலாம், அல்லது பந்தை வேலிக்கு அப்பால் அனுப்பி ஹோம் ரன் அடிக்கலாம். எல்லாவற்றையும் எண்ணிக் குறித்துவைக்கும் பழக்கமும் அந்த ஆட்டத்தில் ஆரம்பத்திலிருந்தே உண்டு. எண்ணிக்கை இருந்தால் விகிதம் வரும். விகிதம் வந்துவிட்டால் பகடைக்கு வேலை வந்துவிடும்.

முதலில் வந்தவை பகடை ஆட்டங்கள் அல்ல. நியூயார்க்கின் எம்பயர் கிளப்பில் பிட்சராக இருந்த ஃபிரான்சிஸ் செப்ரிங், 1866 வாக்கில் 'பார்லர் பேஸ்பால்' என்ற மேசை ஆட்டத்தை உருவாக்கி, 1868-இல் காப்புரிமையும் பெற்றார். ஸ்பிரிங் விசையால் ஒரு காசு எகிறி வரும். எதிரில் இருப்பவர் இன்னொரு விசையால் அதை அடிக்க வேண்டும். காசு எந்தக் குழியில் விழுகிறதோ அதுதான் முடிவு. பின்பால் எந்திரத்தின் மூதாதை என்று இதைச் சொன்னால் தவறில்லை. அமெரிக்க உள்நாட்டுப் போர் முடிந்து ஓராண்டுதான் ஆகியிருந்தது. தொழில்முறை லீக் எதுவும் இன்னும் தொடங்கவில்லை. அதற்குள் ஆட்டம் வரவேற்பறைக்கு வந்துவிட்டது.

அடுத்த கட்டத்தை அச்சுக்கலை கொண்டுவந்தது. நியூயார்க்கின் மெக்லாக்லின் பிரதர்ஸ் நிறுவனம் வண்ணக் கல்லச்சில் கைதேர்ந்தது. 1886-இல் அது வெளியிட்ட பேஸ்பால் ஆட்டமும், 1890-களில் கிளீவ்லாந்து அணியின் கேட்சர் (பேட்டருக்குப் பின்னால் இருந்து பந்தைப் பிடிப்பவர்) சார்லஸ் ஜிம்மர் பெயரில் வந்த ஆட்டமும் இன்று சேகரிப்பாளர்களின் கனவுப் பொருள்கள். ஜிம்மர் ஆட்டத்தின் பலகையில் அந்தக் கால நட்சத்திரங்களின் முகங்கள் வண்ணத்தில் அச்சாகியிருக்கின்றன. பலகை ஆட்டம் சேர்ப்பவர், பேஸ்பால் பொருள் சேர்ப்பவர், பழைய அச்சுப் படம் சேர்ப்பவர் என்று மூன்று தரப்பும் ஒரே பெட்டிக்குப் போட்டி போடுவதால் விலை ஏறிக்கொண்டே போகிறது. மெக்லாக்லின் நிறுவனம் 1920-இல் மில்டன் பிராட்லியிடம் கைமாறியது.

காசை விழுங்கும் கேட்சர்

இந்தச் சேகரிப்பில் மிகவும் பேசப்படும் பொருள்களில் ஒன்று, பார்க்கச் சங்கடமான பொருளும்கூட. 1888 ஜனவரியில் காப்புரிமை பெற்ற 'டார்க்டவுன் பேட்டரி' என்ற வார்ப்பிரும்பு உண்டியல் அது. கனெக்டிகட் மாநிலத்தின் குரோம்வெல் ஊரில் இருந்த ஜே அண்ட் இ ஸ்டீவன்ஸ் நிறுவனம் தயாரித்தது. வடிவமைத்தவர் ஜேம்ஸ் போவன். பீடத்தின் மேல் பிட்சர், பேட்டர், கேட்சர் என்று மூன்று உருவங்கள். பிட்சரின் கையில் காசை வைத்து விசையை அழுத்தினால் கை சுழன்று காசை வீசும். பேட்டர் மட்டையை அசைத்துக் கோட்டை விடுவார். காசு கேட்சரின் மார்புக்குள் போய் மறைந்துவிடும். எல்லாம் கண்ணிமைக்கும் நேரத்தில் முடிந்துவிடுகிறது. அந்தக் காலத்து எந்திர நுட்பத்துக்கு இது நல்ல சான்று.

சங்கடம் உருவங்களில் இருக்கிறது. மூவரும் கறுப்பின மக்களைக் கேலி செய்யும் விதத்தில் வார்க்கப்பட்டவர்கள். 1887 ஜூலையில்தான் இன்டர்நேஷனல் லீக்கின் அணி முதலாளிகள், இனிக் கறுப்பின ஆட்டக்காரர்களைச் சேர்ப்பதில்லை என்று ஓட்டுப் போட்டு முடிவெடுத்தார்கள். ஆறு மாதத்தில் உண்டியல் வந்தது. மைதானத்திலிருந்து விரட்டப்பட்டவர்கள் குழந்தைகளின் அலமாரியில் கேலிப் பொம்மைகளாக நிறுத்தப்பட்டார்கள். மிச்சிகன் மாநிலத்தின் ஃபெரிஸ் ஸ்டேட் பல்கலைக்கழகத்தில் இத்தகைய இனவெறிப் பொருள்களுக்கென்றே ஒரு அருங்காட்சியகம் நடக்கிறது. ஒளித்துவைப்பதைவிட விளக்கிக் காட்டுவதே மேல் என்பது அவர்கள் கட்சி.

அந்த வரலாற்றின் மறுபக்கத்தையும் பொம்மைகளிலேயே பார்க்கலாம். 1947-இல் ஜாக்கி ராபின்சன் புரூக்ளின் டாட்ஜர்ஸ் அணிக்காகக் களமிறங்கி, பெரிய லீக்கிலும் நிலவிய நிறத் தடையை உடைத்தார். 1950 வாக்கில் அவர் உருவத்தில் டாட்ஜர்ஸ் சீருடை அணிந்த பொம்மை கடைக்கு வந்தது. அவர் பெயரில் மேசை ஆட்டமும் வந்தது. உண்டியலையும் இந்தப் பொம்மையையும் அருகருகே வைத்துப் பார்ப்பவருக்கு இடைப்பட்ட அறுபது ஆண்டுகள் புரிந்துவிடும்.

வட்டும் பகடையும்

இருபதாம் நூற்றாண்டில் ஆட்டம் கணக்குப் பக்கம் திரும்பியது. ஈதன் ஆலன் 1926 முதல் 1938 வரை பெரிய லீக்கில் ஆடியவர். பிறகு யேல் பல்கலைக்கழகத்தில் பயிற்சியாளரானார்; பின்னாளில் அதிபரான ஜார்ஜ் புஷ் சீனியர் அவரிடம் ஆடியவர். ஆலன் வடிவமைத்த 'ஆல்-ஸ்டார் பேஸ்பால்' ஆட்டத்தை 1941-இல் கடாக்கோ-எல்லிஸ் நிறுவனம் வெளியிட்டது. ஒவ்வொரு வீரருக்கும் ஒரு வட்ட அட்டை. அதன் விளிம்பு, எண்ணிட்ட துண்டுகளாகப் பிரிக்கப்பட்டிருக்கும். 1 என்றால் ஹோம் ரன், 9 என்றால் வாக், 10 என்றால் ஸ்ட்ரைக் அவுட். வட்டைப் பொருத்தி முள்ளைச் சுண்டிவிட வேண்டும். பேப் ரூத்தின் வட்டில் 1 என்ற துண்டு அகலமாக இருக்கும்; ஹோம் ரன் அதிகம் அடிக்காத பேட்டருக்கு அது வெறும் கீற்று. கணக்கே தெரியாத எட்டு வயதுப் பிள்ளைக்கும் நிகழ்தகவு கண்ணுக்குத் தெரிந்துவிடும்.

ஒரே குறை, பிட்சர் யாராக இருந்தாலும் ஆட்டத்தில் வித்தியாசம் இல்லை. அந்தக் குறையைத் தீர்த்தவை பகடை ஆட்டங்கள். விஸ்கான்சின்காரரான கிளிஃபோர்ட் வான் பீக் 1920-களில் காப்புரிமை பெற்ற 'நேஷனல் பாஸ்டைம்' பொருளாதாரப் பெருமந்த காலத்தில் கடைக்கு வந்து நிலைக்காமல் போனது. அதை அடியொற்றி பென்சில்வேனியாவின் லங்காஸ்டரில் டிக் சைட்ஸ் 1951-இல் 'ஆப்பா' ஆட்டத்தைத் தபாலில் விற்கத் தொடங்கினார். பெரிய சிவப்புப் பகடை ஒன்று, சிறிய வெள்ளைப் பகடை ஒன்று. முதலாவது பத்தாம் இடம், இரண்டாவது ஒன்றாம் இடம். 11 முதல் 66 வரை கிடைக்கும் 36 எண்களில் ஒன்றை வீரரின் அட்டையில் பார்த்தால் முடிவு தெரியும். 66-தான் அட்டையின் மிகச் சிறந்த எண்; அது விழுந்தால் கூச்சல்தான்.

பதினொரு வயதிலேயே பகடையை உருட்டிக் கணக்குப் போட ஆரம்பித்த ஹால் ரிச்மன், 1961-இல் 'ஸ்ட்ராட்-ஓ-மேட்டிக்' ஆட்டத்தைக் கொண்டுவந்தார். இதில் மூன்று பகடைகள். முதல் பகடையில் 1 முதல் 3 வரை விழுந்தால் பேட்டரின் அட்டையைப் பார்க்க வேண்டும். 4 முதல் 6 வரை விழுந்தால் பிட்சரின் அட்டை. பாதி பொறுப்பு பிட்சருக்கும் வந்துவிட்டது. 1981-இல் வீரர்கள் வேலைநிறுத்தம் செய்து, நட்சத்திர வீரர்கள் மோதும் ஆல்-ஸ்டார் போட்டி தள்ளிப்போனபோது, கிளீவ்லாந்து மைதானத்தில் ஸ்ட்ராட்-ஓ-மேட்டிக் வைத்தே ஒரு ஆட்டத்தை நடத்திக் காட்டினார்கள். எழுத்தாளர்களையும் இந்தப் பித்து விடவில்லை. ஜாக் கெரோவாக் சிறுவயதில் தானே அணிகளையும் வீரர்களையும் கற்பனை செய்து அட்டைகளால் ஆடிய ஆட்டத்தின் குறிப்புகள், இன்று நியூயார்க் பொது நூலகத்தில் இருக்கின்றன.

தலையாட்டிகளும் சிலைகளும்

பொம்மைப் பக்கம் வந்தால், இரண்டு வகைக்கு எப்போதும் கிராக்கி. ஒன்று, விஸ்கான்சின் மாநிலத்து ஹார்ட்லாந்து பிளாஸ்டிக்ஸ் நிறுவனம் 1958 முதல் 1963 வரை தயாரித்த 18 வீரர்களின் சிலைகள். மேன்டில், மேஸ், ஆரன், ரூத் என்று பெரிய பெயர்கள் எல்லாம் உண்டு. ஆனால் கிடைப்பதற்கு அரியது பிட்ஸ்பர்க் அணியின் டிக் குரோட் சிலை. காரணம், அது குறைவாகவே தயாரிக்கப்பட்டது. கழற்றி மாட்டும் மட்டை தொலைந்திருந்தாலும், வெள்ளைச் சீருடை பழுப்பேறியிருந்தாலும் மதிப்பு சரிந்துவிடும்.

இன்னொன்று, 1960-களின் தொடக்கத்தில் ஜப்பானில் காகிதக்கூழால் செய்து அமெரிக்காவில் விற்ற தலையாட்டி பொம்மைகள். தனி வீரர்களாக மேன்டில், மாரிஸ், மேஸ், கிளெமென்டே ஆகியோருக்கு வந்தன. கிளெமென்டே கிடைப்பது கடினம். பீடத்தின் நிறத்தை வைத்தே எந்தக் காலத்தது என்று பிரிக்கிறார்கள். கழுத்து ஸ்பிரிங் தளர்வது, கன்னத்தில் மயிரிழை விரிசல் விடுவது இரண்டும் இதன் பரம்பரை நோய்கள். பிறகு மங்கிப்போன இந்த மோகம், 1999 மே 9 அன்று சான் ஃபிரான்சிஸ்கோ ஜயன்ட்ஸ் அணி ரசிகர்களுக்கு வில்லி மேஸ் தலையாட்டிகளை இலவசமாகக் கொடுத்ததும் மறுபடி பற்றிக்கொண்டது. மில்வாக்கி நகரில் 2019 முதல் தலையாட்டிகளுக்கென்றே அருங்காட்சியகம் இருக்கிறது.

இதற்கு நேர்மாறான கதையும் உண்டு. 1988-இல் கென்னர் நிறுவனம் 'ஸ்டார்ட்டிங் லைன்அப்' என்ற சிறு பொம்மைகளைக் கொண்டுவந்தது. வாங்கியவர்கள் பலர் எதிர்காலச் சொத்து என்று நினைத்து உறையைப் பிரிக்காமலே அடுக்கினார்கள். எல்லோரும் பத்திரப்படுத்திய பொருள் எப்படி அரிதாகும்? பெரும்பாலானவை இன்றும் அற்ப விலைக்குக் கிடைக்கின்றன.

வயதைக் கண்டுபிடிப்பது எப்படி?

பெட்டியில் அச்சான காப்புரிமைத் தேதியைத் தயாரிப்புத் தேதி என்று நம்பிவிடக் கூடாது. அதற்குப் பின் எந்த ஆண்டிலும் அது தயாராகியிருக்கலாம். முகவரி அதைவிட நல்ல சாட்சி. அமெரிக்கத் தபால் துறை 1943-இல் பெருநகரங்களுக்கு ஓரிரு இலக்க மண்டல எண் கொடுத்தது. 1963-இல் ஐந்து இலக்க ஜிப் கோடு வந்தது. ஊர்ப் பெயருக்குப் பின் வெறும் 6 அல்லது 10 இருந்தால், பெட்டி அந்த இருபது ஆண்டுக்குள் அச்சானதாக இருக்கவே வாய்ப்பு அதிகம். அணிப் பெயரும் கைகொடுக்கும். டாட்ஜர்ஸ் 1958-இல் லாஸ் ஏஞ்சலஸுக்குப் போனது. மில்வாக்கி பிரேவ்ஸ் என்றால் 1953-க்கும் 1965-க்கும் இடைப்பட்ட காலம்.

போலிகளைப் பிடிக்கவும் வழிகள் உண்டு. பழைய உண்டியலையே அச்சாக வைத்து மணலில் வார்த்தால், இரும்பு ஆறும்போது சுருங்குவதால் நகல் அசலைவிடச் சற்றுச் சிறியதாக இருக்கும். அதனால் அனுபவசாலிகள் பீடத்தின் அளவை வரைந்து வைத்துக்கொண்டு ஒப்பிடுகிறார்கள். காகிதத்துக்குப் புற ஊதா விளக்கு போதும். வெண்மைகூட்டும் ரசாயனம் காகிதத்தில் சேர்ந்தது இரண்டாம் உலகப் போருக்குப் பிறகுதான். 1890-இன் பெட்டி என்று சொல்லப்படுவது அந்த வெளிச்சத்தில் நீலமாகப் பளபளத்தால் பணப்பையை மூடிவிடலாம்.

வாங்கிய பின் பராமரிப்பு எளிது. வெயில் படாத, ஈரம் இல்லாத அறை வேண்டும். கிழிந்த மூலையில் செலோடேப் ஒட்டக் கூடாது. அட்டைக் கட்டுக்கு ரப்பர் பேண்ட் போடவே கூடாது.

மகன், மகளைப் பார்க்க அமெரிக்கா போய், சனிக்கிழமை கராஜ் சேலில் சும்மா சுற்றிவரும் பெற்றோருக்கு ஒரு யோசனை. ஜிம்மர் ஆட்டமெல்லாம் அங்கே கிடைக்காது. 1960, 70-களின் ஆல்-ஸ்டார் பேஸ்பால் பெட்டி கண்ணில் படலாம். முள் சுழல்கிறதா, விதிமுறைத் தாள் இருக்கிறதா, வட்டுகள் எத்தனை என்று பார்த்து வாங்குங்கள். அலமாரியில் பூட்டிவைக்காமல் பேரப்பிள்ளைகளோடு உட்கார்ந்து ஆடுங்கள். பிடித்துப்போனால் அடுத்த படிக்கும் வழி இருக்கிறது: ஆப்பாவும் ஸ்ட்ராட்-ஓ-மேட்டிக்கும் இன்றும் ஆண்டுதோறும் புதிய அட்டைகளை வெளியிட்டுக்கொண்டுதான் இருக்கின்றன.