விளையாட்டுக் கணிப்பொறியை வீட்டிலேயே அமைப்போம்

இளம் அறிவியல் (இயற்பியல்), மூன்றாம் ஆண்டு

கணிப்பொறி விளையாட்டு என்றதும் பெரியவர்கள் முகம் சுளிப்பதுண்டு. பணம் வைத்து ஆடும் இணைய ஆட்டங்களை நினைத்தே பெரும்பாலும் அவ்வாறு சுளிக்கின்றனர். அவ்வாட்டங்களை 2025ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதத்தில் நடுவண் அரசு சட்டம் இயற்றித் தடை செய்தது. இக்கட்டுரை அவற்றைப் பற்றியதன்று. திரையில் பந்து எறிவதும், கார் ஓட்டுவதும், கோட்டை கட்டுவதுமாகிய ஆட்டங்களை ஆடுவதற்குரிய கணிப்பொறியை நம் கையாலேயே எவ்வாறு அமைப்பது, பின்னர் எவ்வாறு படிப்படியாக வலுப்படுத்துவது என்பதே இங்கு நாம் காணவிருப்பது.

அணைக்கட்டு, ஒடுகத்தூர், பள்ளிகொண்டா ஆகிய ஊர்களிலிருந்து வரும் நம்மில் பலரது வீட்டுப் பணம் தோல் பதனிடும் தொழிற்சாலையிலும் காலணித் தொழிற்சாலையிலும் நின்றுகொண்டே உழைத்து ஈட்டிய பணம். ஒரு விளையாட்டுக் கணிப்பொறியின் விலை பல மாதச் சேமிப்பைக் கேட்கும். தவறான உறுப்பை வாங்கிவிட்டால் அதை மாற்ற மறுபடியும் அத்தனை மாதங்கள் காத்திருக்க வேண்டும். ஆகவே எதை முதலில் வாங்குவது, எதைத் தள்ளிப்போடலாம் என்று அறிவதே இக்கலையின் முதற்பாடம் ஆகும்.

வீட்டில் கூட்ட முடிவது எதனால்?

வானொலிப் பெட்டியின் உறுப்பைத் தொலைக்காட்சியில் பொருத்த இயலாது. ஆனால் ஒரு நிறுவனத்தின் செயலியையும் இன்னொரு நிறுவனத்தின் நினைவகத்தையும் மூன்றாவது நிறுவனத்தின் பலகையில் பொருத்தலாம். இதற்கு வித்திட்டது 1981ஆம் ஆண்டு ஆகஸ்டில் ஐ.பி.எம். நிறுவனம் வெளியிட்ட தனியாள் கணிப்பொறி. அதன் அமைப்பு பிறர் பார்த்துச் செய்யத்தக்கதாக இருந்தது. பின்னர் 1995இல் இன்டெல் நிறுவனம் வகுத்த ஏ.டி.எக்ஸ். என்னும் அளவுமுறை, பலகையின் நீளம் அகலம், திருகு வரும் இடம், மின்இணைப்பின் வடிவம் ஆகியவற்றை ஒழுங்குபடுத்தியது. அதனால்தான் சென்னை ரிச்சி தெருவில் வாங்கிய கேபினெட்டில் பெங்களூர் எஸ்.பி. ரோட்டில் வாங்கிய பலகை பிசகாமல் உட்காருகின்றது.

ஆட்டத்தின்போது உள்ளே நடப்பது என்ன?

சாதாரணமாக விற்கும் திரை ஒன்றில் குறுக்கே 1920, நெடுக்கே 1080 புள்ளிகள் உள்ளன. பெருக்கினால் 20,73,600 புள்ளிகள். அசைவு கண்ணுக்கு இயல்பாகத் தோன்ற நொடிக்கு 60 படங்களாவது வேண்டும். அதாவது நொடிக்கு 12 கோடியே 44 இலட்சம் புள்ளிகளுக்கு மேல் நிறம் கணக்கிடப்பட வேண்டும். ஒவ்வொரு படத்திற்கும் கிடைக்கும் காலம் ஒரு நொடியில் அறுபதில் ஒரு பங்கே.

இவ்வேலையை உறுப்புகள் பங்கிட்டுக்கொள்கின்றன. எதிராளி எங்கே நிற்கிறான், பந்து எங்கே விழும் என்று முடிவு செய்வது பிராசசர் எனப்படும் செயலி. அம்முடிவைப் படமாக வரைவது கிராபிக்ஸ் கார்டு. வேலை நடக்கும்போது கைக்கெட்டும் தூரத்தில் பொருள்களை வைத்திருப்பது ராம் எனப்படும் நினைவகம். ஆட்டம் முழுவதையும் சேமித்து வைப்பது எஸ்.எஸ்.டி. இவற்றையெல்லாம் இணைப்பது மதர்போர்டு. அனைத்திற்கும் மின்சாரம் ஊட்டுவது எஸ்.எம்.பி.எஸ்.

இவற்றுள் எது மிக மெதுவானதோ அதன் வேகமே முழுக் கணிப்பொறியின் வேகமாகும். காலணித் தொழிற்சாலையில் மேற்பகுதி தைக்கும் பிரிவு நாளொன்றுக்கு ஆயிரம் சோடி தைத்தாலும், அடிப்பாகம் ஒட்டும் பிரிவு அறுநூறுதான் முடிக்குமென்றால், வாயிலைக் கடந்து வெளியே போவது அறுநூறே. தையல் பிரிவுக்கு இன்னும் பத்து எந்திரம் வாங்கிப் போடுவது வீண். கணிப்பொறியை மேம்படுத்துவதும் இக்கணக்குத்தான்.

தொடக்கம்: இரண்டு வழிகள்

முதல் வழி, கிராபிக்ஸ் கார்டு இல்லாமலே தொடங்குவது. சில செயலிகளுக்குள்ளேயே படம் வரையும் பகுதியும் உண்டு. 2021இல் வந்த ரைசன் 5 5600ஜி, 2024இல் வந்த ரைசன் 5 8600ஜி ஆகியன இவ்வகையின. எளிய ஆட்டங்களுக்கும் பாடத்திற்கும் இவை போதும். பணம் சேர்ந்தபின் கிராபிக்ஸ் கார்டை மட்டும் செருகிக்கொள்ளலாம்.

இவ்வகைச் செயலிக்கு ஒரு நுட்பம் உண்டு. அதற்குத் தனி நினைவகம் இல்லை. பொது நினைவகத்தையே அதுவும் பகிர்ந்துகொள்கின்றது. 3200 வேகமுள்ள டி.டி.ஆர்.4 நினைவகத் துண்டு ஒன்று நொடிக்கு 25.6 ஜிகாபைட் கொடுக்கும். இரண்டு துண்டுகள் இருவழியாகச் சேர்ந்து 51.2 ஜிகாபைட் கொடுக்கும். ஆகவே 16 ஜிபி துண்டு ஒன்றைவிட 8 ஜிபி துண்டு இரண்டு மேலானவை. தனிக் கிராபிக்ஸ் கார்டு ஏன் வேகமானது என்பதும் இதிலிருந்தே விளங்கும். ரேடியான் ஆர்எக்ஸ் 6600 என்னும் கார்டு தன் சொந்த நினைவகத்திலிருந்து நொடிக்கு 224 ஜிகாபைட் பெறுகின்றது. ஏறத்தாழ நான்கு மடங்குக்கும் மேல்.

இரண்டாவது வழி, அலுவலகங்கள் கழித்துவிட்ட பழைய கணிப்பொறியை வாங்கி அதில் சிறு கிராபிக்ஸ் கார்டு சேர்ப்பது. மதர்போர்டின் செருகுவாய் 75 வாட் வரை தானே மின்சாரம் தரும். 2019இல் வந்த ஜிடிஎக்ஸ் 1650 அந்த 75 வாட்டுக்குள் அடங்குவதால் தனி மின்கம்பி தேவைப்படாத வகைகளும் கிடைக்கின்றன. ஆனால் வாங்குமுன் இரண்டைப் பார்க்க வேண்டும். பெட்டி ஒடுக்கமானதாயின் முழு உயரக் கார்டு உள்ளே நுழையாது. மேலும் விண்டோஸ் 10க்கான பொது ஆதரவு 2025 அக்டோபர் 14ஆம் நாளோடு முடிந்துவிட்டது. விண்டோஸ் 11, இன்டெல் செயலியாயின் பொதுவாக எட்டாம் தலைமுறைக்குக் குறையாததைக் கேட்கின்றது. பழைய செயலியில் லினக்ஸ் நிறுவி, வால்வ் நிறுவனம் 2018இல் வெளியிட்ட புரோட்டான் என்னும் மென்பொருள் வாயிலாக விண்டோஸ் ஆட்டங்கள் பலவற்றை ஆடலாம். எல்லா ஆட்டமும் ஓடும் என்று எண்ணிவிடக் கூடாது.

எதில் சிக்கனம் கூடாது?

மதர்போர்டிலும் எஸ்.எம்.பி.எஸ்.ஸிலும் சிக்கனம் கூடாது. ஏனையவை மாறும், இவை இரண்டும் நிலைக்கும்.

காலணி செய்வோர் காலின் வடிவில் அமைந்த அச்சுக்கட்டையை முதலில் தேர்கின்றனர்; பின்னர் எத்தோலைப் போட்டாலும் அக்கட்டையின் அளவே அளவு. செயலி உட்காரும் சாக்கெட்டும் அத்தகையது. ஏ.எம்.டி.யின் ஏ.எம்.4 சாக்கெட்டில் 2017இல் ரைசன் செயலி வாங்கியவர்கள், பலகை நிறுவனம் தந்த பயாஸ் மாற்றத்தைச் செய்துகொண்டு, 2022இல் வந்த ரைசன் 7 5800எக்ஸ்3டி செயலியை அதே பலகையில் பொருத்த முடிந்தது. மறுபுறம், 2017இல் வந்த இன்டெல் எட்டாம் தலைமுறைச் செயலிக்குச் சாக்கெட்டின் பெயர் முந்தையதே ஆயினும், முந்தைய பலகைகளில் அது இயங்கவில்லை; புதுப் பலகையே வாங்க வேண்டியிருந்தது. எனவே இப்பலகை எந்தெந்தச் செயலிகளை ஏற்கும் என்று அதன் நிறுவனப் பட்டியலைப் படித்தபின்னரே பணம் கொடுக்க வேண்டும்.

டி.டி.ஆர்.4 பலகையில் டி.டி.ஆர்.5 நினைவகம் பொருந்தாது. நடுவிலுள்ள வெட்டு இடம் மாறியிருக்கும். 2025ஆம் ஆண்டின் பிற்பகுதியில் செயற்கை நுண்ணறிவு நிலையங்களின் தேவையால் நினைவக விலை உலகெங்கும் கடுமையாக ஏறியது. ஆகவே சென்ற ஆண்டு நண்பர் வாங்கிய விலையை நம்பித் திட்டம் போடாமல், வாங்கும் வாரத்து விலையைக் கேட்டே திட்டமிட வேண்டும்.

பொருத்தும் முறை

மேசைமேல் மதர்போர்டு வந்த அட்டைப்பெட்டியை வைத்து அதன்மேல் பலகையை வைக்கவும். உடலிலுள்ள நிலைமின்சாரம் நீங்க, எர்த் உள்ள இணைப்பில் இருக்கும் உலோகப் பொருளைத் தொட்டுவிட்டுத் தொடங்கவும்.

செயலியின் மூலையிலுள்ள முக்கோணக் குறியும் சாக்கெட்டின் குறியும் ஒன்றையொன்று நோக்க வேண்டும். செயலி தன் எடையாலேயே கீழே அமரும்; அழுத்தினால் ஊசிகள் வளைந்துவிடும். அமர்ந்தபின் நெம்புகோலைத் தாழ்த்துக. செயலியின் முதுகில் பட்டாணி அளவு தெர்மல் பேஸ்ட் வைத்து மின்விசிறியுடன் கூடிய கூலரைப் பொருத்துக. அதன் கம்பியைப் பலகையில் செருக மறவாதீர். நான்கு நினைவக வாய்கள் இருப்பின், செயலியிலிருந்து எண்ணி இரண்டாவதிலும் நான்காவதிலும் துண்டுகளைச் செருகுக. இந்நிலையிலேயே மின்னிணைப்புக் கொடுத்துத் திரையில் எழுத்து வருகின்றதா என்று பார்த்துவிட்டால், பின்னர் பிழை எங்கே என்று தேடும் துன்பம் குறையும்.

அதன்பின் மின்னிணைப்பை நீக்கிவிட்டு, கேபினெட்டில் பித்தளைக் கால்களின்மேல் பலகையைத் திருகுக. 24 முனை இணைப்பு பலகைக்கு. 8 முனை இணைப்பு செயலிக்கு. இரண்டாவதை மறந்தால் விசிறி சுழலும், திரை ஒளிராது. கிராபிக்ஸ் கார்டு போட்டவர்கள் மானிட்டர் கம்பியைக் கார்டில் செருக வேண்டும். பலகையில் செருகிவிட்டுக் கார்டு பழுது என்று கடைக்கு ஓடுவோர் பலர். 3200 என்று அச்சிட்ட நினைவகம் பல பலகைகளில் முதலில் 2133 வேகத்திலேயே ஓடும், பயாஸில் எக்ஸ்.எம்.பி. என்பதை இயக்கினால்தான் உரிய வேகம் வரும்.

மின்சாரமும் வெப்பமும்

எர்த் இல்லாத வீட்டில் கேபினெட்டைத் தொட்டால் சுருக்கென்று இருக்கும். எஸ்.எம்.பி.எஸ்.ஸுக்குள் மின்னிரைச்சலை வடிகட்டும் மின்தேக்கிகள் இரு மின்கம்பிகளிலிருந்தும் உலோகப் பெட்டியோடு இணைக்கப்பட்டுள்ளன. எர்த் வழி இல்லையெனில் பெட்டி 230 வோல்ட்டில் ஏறத்தாழப் பாதியில் மிதக்கும். பாயும் மின்னோட்டம் மிகச் சிறிதே ஆயினும், உள்ளே வேறு பழுது நேரும் நாளில் உயிர் காப்பது எர்த் கம்பி ஒன்றே. ஆகவே கிராபிக்ஸ் கார்டுக்கு முன் எர்த் இணைப்புக்குச் செலவிடுக. எஸ்.எம்.பி.எஸ்.ஸைத் திறக்கவே கூடாது. இணைப்பை நீக்கிய பின்னும் அதனுள் மின்னூட்டம் தங்கியிருக்கும். மாலையில் மின்னழுத்தம் தாழும் ஊர்களில் உள்ளோர், 100 முதல் 240 வோல்ட் வரை ஏற்பது என்று அச்சிட்ட எஸ்.எம்.பி.எஸ்.ஸைத் தேர்வது நலம்.

மின்கட்டணத்தையும் கணக்கிடுவோம். ஆட்டத்தின்போது மானிட்டர் உட்பட 300 வாட் இழுக்கும் கணிப்பொறியை நாள்தோறும் 2 மணி நேரம் ஓட்டினால் 60 நாளில் 36 யூனிட் ஆகும். 2016இல் தமிழக அரசு வீடுகளுக்கு இரு மாதத்திற்கு 100 யூனிட் கட்டணமின்றி அளித்ததோடு ஒப்பிட்டால் அதில் மூன்றிலொரு பங்குக்கு மேல். வீட்டாரிடம் இதை முன்கூட்டியே சொல்லிவிடுவது முறை.

வேலூர்ப் பகுதியின் கோடை யாவரும் அறிந்ததே. கூலர் செய்வது வெப்பத்தை அறைக்குள் தள்ளுவது மட்டுமே. அறையைவிடச் செயலியைக் குளிர்விக்க அதனால் இயலாது. 25 டிகிரி அறையில் 65 டிகிரியில் நிற்கும் செயலி, 40 டிகிரி அறையில் ஏறத்தாழ 80 டிகிரியைத் தொடும். 5600ஜி செயலியின் வரம்பு 95 டிகிரி. அதை நெருங்கினால் அது தானே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். முன்புறம் காற்று உள்ளே, பின்புறம் வெளியே என விசிறிகளை அமைத்து, மாதமொரு முறை மென்தூரிகையால் தூசி நீக்கினால் போதும்.

மேம்படுத்துவது எப்போது, எதை?

ஆட்டம் தடுமாறினால் உடனே கடைக்குச் செல்லாமல் முதலில் அளந்து பாருங்கள். ஆட்டத்தின் திரைத் துல்லியத்தைக் குறையுங்கள். நொடிக்கு வரும் படங்களின் எண்ணிக்கை நன்கு ஏறினால் தடை கிராபிக்ஸ் கார்டில். ஏறவே இல்லையெனில் தடை செயலியில். டாஸ்க் மேனேஜரில் நினைவகம் நிறைந்து வழிந்தால் தடை நினைவகத்தில். ஆட்டம் திறக்கவே நேரம் பிடித்தால் தடை சேமிப்பில். நொடிக்கு ஏறத்தாழ 150 மெகாபைட் தரும் பழைய ஹார்ட் டிஸ்க்கை மாற்றி 550 மெகாபைட் தரும் சாட்டா எஸ்.எஸ்.டி. போட்டாலே புதுக் கணிப்பொறி போலாகும். சில வேளைகளில் செலவே தேவைப்படாது: 144 ஹெர்ட்ஸ் மானிட்டர் வாங்கியும் விண்டோஸில் 60 என்றே விட்டுவைத்திருப்போர் உண்டு.

பழைய கிராபிக்ஸ் கார்டு மலிவாகக் கிடைக்கும். 2022 செப்டம்பரில் எத்தீரியம் என்னும் மின்பணம் அகழ்வு முறையைக் கைவிட்டபின், இரவும் பகலும் உழைத்த கார்டுகள் சந்தைக்கு ஏராளமாக வந்தன. அரைமணி நேரமாவது ஆட்டம் ஓடவிட்டு, விசிறியின் ஒலியையும் வெப்பத்தையும் கண்டபின் வாங்குக.

காட்பாடியிலிருந்து இருப்புப்பாதையில் சென்னை ஏறத்தாழ 130 கிலோமீட்டர், பெங்களூர் 230. இரு நகரச் சந்தைகளும் ஒரு பகல் பயணத்தில் அடங்கும். எங்கு வாங்கினும் 18 விழுக்காடு வரியுடன் கூடிய பில்லைக் கேட்டு வாங்குக. பில் இல்லாத மலிவு, பொருள் பழுதாகும் நாளில் விலையுயர்ந்ததாகிவிடும்.

முடிவுரை

விளையாட்டுக்கென்று அமைத்த கணிப்பொறி விளையாட்டோடு நின்றுவிடுவதில்லை. படம் வரைய வல்ல அதே கார்டு, விலையின்றிக் கிடைக்கும் பிளெண்டர் போன்ற மென்பொருளில் முப்பரிமாண உருவங்களையும் வரையும். இன்று காலணியின் வடிவமைப்பும் கணிப்பொறித் திரையில்தான் தொடங்குகின்றது. ஆம்பூரிலும் இராணிப்பேட்டையிலும் பெற்றோர் கையால் வெட்டித் தைத்த காலணியை, பிள்ளைகள் திரையில் வரையக் கற்பதற்கு இப்பெட்டி ஒரு வாயிலாகலாம்.

நண்பர்களே, பெரும்பணம் சேரும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. நல்ல பலகையும் நம்பத்தக்க எஸ்.எம்.பி.எஸ்.ஸும் எர்த் இணைப்பும் கொண்டு சிறிதாகத் தொடங்குங்கள். தடை எங்கே என்று அளந்து, அந்த ஓர் உறுப்பை மட்டும் மாற்றுங்கள். முதன்முறை கூட்டும்போது இளையவர் ஒருவரையும் அருகில் அமர்த்திக்கொள்ளுங்கள். அடுத்த ஆண்டு அவர் வீட்டுப் பணமும் வீணாகாமல் இருக்கும்.